தாடியில்லாத ரோப்பர்

தாடி இல்லை என்ற ஒரே குற்றத்துக்காக நெஸ்டாவை டிரம்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். இறக்கியது வேறு யாராவதாக இருந்தால் அவள் அங்கேயே ஒரு வழி பண்ணியிருப்பாள். இறக்கியது கட்டின புருஷன். அதுவும் சனிக்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில், அவளுடைய டிரம்ஸை அவளே தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் எம்லினுக்கு வாய் திறந்தது.

"நெஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லிக்கிட்டே அந்தப் பக்கம் பிடி. போர்வை நனையுது."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஹெவின் வாசிக்கட்டும்."

"எந்த ஹெவின்?"

"மலைக்கு அந்தப் பக்கம் சுவர் பூசுறானே, அவன்தான். நல்லா வாசிப்பான்."

"வாசிக்கட்டும். அவன் வீட்ல வாசிக்கட்டும். என் டிரம்ஸ்ல எதுக்கு?"

எம்லின் போர்வை முனையை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை.

"அந்த ஏஜெண்டு பிராசர் வர்றாரு நெஸ். லீவுக்கு ஜனம் வந்து தங்குற கடற்கரை கேரவன் பார்க்குல கோடை முழுக்க கச்சேரி வேலை. கிடைச்சா நான் பார்சல் வண்டியை விட்டுடலாம். போன்லயே கேட்டாரு, உங்க ரோப்பருக்குத் தாடி இருக்கான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னு சொல்லிட்டேன்."

சால்ட்ஃபயர் என்றால் வேல்ஸின் அந்தப் பள்ளத்தாக்கில் நரைத்த தலைகள் எல்லாம் நிமிரும். ஒரு காலத்தில் பெரிய மைதானங்களை நிரப்பிய ராக் குழு. குழு கலைந்து, பாதிப் பேர் மண்ணுக்குள் போயாகிவிட்டது. பாட்டு மட்டும் போகவில்லை. அதே பாட்டை அதே உடுப்பில், அதே நீள முடியில் அச்சு அசலாக வாசித்துக் காட்டும் குழுக்கள் வேல்ஸ் முழுக்க முளைத்தன. எம்லின் நடத்துவதற்குப் பெயர் நியர்லி சால்ட்ஃபயர். கிட்டத்தட்ட சால்ட்ஃபயர். அந்தக் கிட்டத்தட்டவை வைத்து அவர்கள் ஊர் பென்ட்ரிஸின் கிளப்பில் அடிக்காத கிண்டல் கிடையாது.

அசல் குழுவின் டிரம்ஸ்காரன் ரோப்பர் மலை மாதிரி ஆள், நெஞ்சு வரை தாடி. நெஸ்டா அந்த ஆளின் தோளுயரம்கூட இருக்க மாட்டாள். ஆனால் சின்ன வயதில் கார்னிவல் ஊர்வலத்தில், பெண்பிள்ளைகளின் அணிவகுப்பில், பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு மலையேறி இறங்கியவள். பிறகு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஈரமான படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாய் இழுத்துப் போட்டு முறுக்கேறிய கை. குழுவின் பழைய டிரம்ஸ்காரர் ஸ்பெயினுக்குக் குடிபோனபோது, "நான் உட்காரட்டுமா?" என்று கேட்டு உட்கார்ந்தவள்தான், பதினோரு வருஷமாய் எழுந்திருக்கவில்லை. ஊரில் அவளை மிசஸ் ரோப்பர் என்றார்கள். தாடியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

எம்லின் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு ஒரு காகித உறையை எடுத்தான். கார்னிவல் சாமான் கடையில் வாங்கிய ஒட்டுத்தாடி. செம்பட்டை நிறத்தில், நாய்க்குட்டி போலச் சுருண்டு கிடந்தது.

"ஹெவின் வேணாம்னா, இதை மட்டும் ஒட்டிக்கிட்டு..."

"ஐம்பத்தாறு வயசுல நான் தாடி ஒட்டிக்கணுமா?"

"நான் விக் வைக்கலையா நெஸ்?"

"உனக்கு முடி கொட்டிப்போச்சு, வைக்கிற. எனக்கு என்ன கொட்டிப்போச்சு? இத்தனை வருஷம் என் மூஞ்சியோடதான் வாசிச்சேன். எவன் எழுந்திரிச்சுப் போனான், சொல்லு."

கார் வைப்பர் செய்கிற தொழிற்சாலையை மூடிய நாளிலிருந்து எம்லின் பார்சல் வண்டி ஓட்டுகிறான். மாடிப்படி ஏறி இறங்கி முட்டி போய்விட்டது. கதவைத் திறக்கிற சின்னப் பையன்கள் அவனைத் தாத்தா என்கிறார்கள். அந்தக் கோடைக்கால வேலை அவனுக்கு எவ்வளவு வேண்டும் என்று நெஸ்டாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் முட்டிக்கொண்டு வந்தது. உறையைப் பிடுங்கி சிம்பல் தட்டுகள் வைக்கிற பைக்குள் விட்டெறிந்தாள்.

"சரி, நான் வீட்ல இருக்கேன்னு மட்டும் நினைக்காத. வருவேன். சட்டை விக்கிற மேஜையில உட்காருவேன். என் டிரம்ஸை எவன் என்ன பண்றான்னு நான் பார்க்க வேணாமா?"

*

கிளப்பில் கேய்னர் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் பாஸ்டிகளைத் தட்டுத் தட்டாய் அடுக்கிச் சூடுபடுத்திக்கொண்டிருந்தாள். மாவுக்குள் மடித்துச் சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தாராளமாய் மிளகு. இடைவேளையில் ஆளுக்கொன்று. நெஸ்டாவும் கேய்னரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒன்றாய்ப் பெயிலானவர்கள்.

"ஏன்டி, மேடையில இல்லாம இங்க என்ன பண்ற?"

"எனக்குத் தாடி இல்லையாம்."

கேய்னர் கரண்டியைக் கீழே வைத்தாள். "எவன் சொன்னான்?"

"எம்லின்."

"அவனுக்கு மட்டும் என்ன இருக்காம்? அந்தத் தோல் பேண்டுல பொத்தானே போட முடியல. காலையில என்கிட்ட வந்து ஊக்கு வாங்கிட்டுப் போனான்."

நெஸ்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் என்று தோன்றியதால் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். சற்று முன் மேடையில் டிரம்ஸைப் பொருத்தி வைத்ததும் அவள்தான். தன் சாமானை இன்னொருத்தர் பொருத்துவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்போது ஹெவின் பக்கத்தில் நின்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தான். நல்ல தாடி, குறை சொல்ல முடியாது.

"மன்னிச்சுக்கங்க அக்கா. உங்க இடம்னு எனக்கு யாரும் சொல்லல. வந்தப்புறம்தான் தெரியும்."

"நீ என்ன பண்ணுவ? ஸ்டூலை உனக்குத் தகுந்த மாதிரி ஏத்திக்கோ. பெடல்ல இப்பத்தான் எண்ணெய் விட்டிருக்கேன், ஓங்கி மிதிக்காத."

"சரி அக்கா."

அவன்மீது கோபப்பட முடியாமல் போனது அவளுக்குக் கூடுதல் எரிச்சல்.

கிளப்பின் நிகழ்ச்சிச் செயலாளர் ஆல்வின் வழக்கம்போல லிமிட்டர் பெட்டிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பின்பக்கத்து வயலில் புது வீடுகள் வந்த பிறகு வந்த சனியன் அது. சத்தம் தாங்கவில்லை என்று புது வீட்டுக்காரர்கள் மனு கொடுத்தார்கள், கிளப் சுவரில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. சத்தம் கூடிச் சிவப்பு எரிந்து, அப்படியே நின்றால், மேடைக்குப் போகிற கரண்டைப் பெட்டியே துண்டித்துவிடும். ஆல்வினுக்கு அந்தப் பெட்டி பிடிக்காது. ஆனால் விதி என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் காவல் காக்காமல் அவரால் இருக்க முடியாது.

பிராசர் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தார். மழைக்கோட்டைக் கழற்றவில்லை.

கூட்டம் வந்துவிட்டது. ஈரக் கோட்டு வாசனையும் பீர் வாசனையும் சேர்ந்து கூடம் கதகதத்தது. தொப்பைமீது இழுத்துவிட்ட பழைய சால்ட்ஃபயர் சட்டைகள். தோல் ஜாக்கெட்டைப் பூட்ட முடியாமல் தோளில் போட்டுக்கொண்ட பெண்கள். எம்லின் இடுப்பு வரை தொங்கும் விக்கோடு மேடையேறினான்.

"எம்லின், முடி வளர்ந்திருக்கே, உரம் போட்டியா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆமா, உங்க வீட்டுப் பின்பக்கம்தான் அள்ளினேன்," என்றான் எம்லின் மைக்கில். கூடம் சிரித்தது.

முதல் பாட்டிலேயே ஹெவின் நன்றாக வாசித்தான். நெஸ்டா ஒத்துக்கொண்டாள். இரண்டாவதும் நன்றாக இருந்தது. மேஜைக்கு அடியில் அவள் கால் தன்பாட்டில் மிதித்துக்கொண்டிருந்தது. சட்டை வாங்க வந்த கிழவர் ஒருவர், "பெருசு வேணும்மா, இன்னும் பெருசு," என்று மூன்று முறை கேட்டும் அவள் காதில் விழவில்லை. பதினோரு வருஷம் அவள் அந்தப் பாட்டுகளைப் பின்னாலிருந்து, எம்லினின் முதுகைப் பார்த்தே கேட்டிருக்கிறாள். முன்னாலிருந்து பார்க்கும்போது அது யாரோ வேறொருவரின் வாழ்க்கை மாதிரி இருந்தது.

முதல் பாதியின் கடைசிப் பாட்டு நார்த் கேட். சால்ட்ஃபயர் ரசிகர்களுக்கு அதுதான் எல்லாம். பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் ஒரே வெட்டாய் நிற்கும். அந்த மௌனத்தில் டிரம்ஸ் மறுபடி எங்கே நுழைய வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு கச்சேரியில் ரோப்பர் நிறைபோதையில் கணக்கை விட்டுவிட்டு, மௌனத்தின் நடுவில் ஒற்றை அடி ஒன்றைப் போட்டுத் தொலைத்தான். தப்பு அடி. அது அப்படியே இசைத்தட்டில் பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகு தப்பில்லாமல் வாசித்தால் ரசிகர்கள் அடிக்க வந்தார்கள். பென்ட்ரிஸில் அது சடங்காகவே ஆகிவிட்டது. மௌனம் வந்ததும் கூடமே மூச்சைப் பிடிக்கும். அடி எப்போது விழும் என்பது டிரம்ஸ்காரர் இஷ்டம். விழுந்த கணம் எல்லோரும் கிளாஸை மேஜையில் இறக்கி, "ரோப்பர்" என்று அலறுவார்கள். நெஸ்டா அந்த மௌனத்தை இழுக்கிற இழுப்புக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

பாட்டு ஏறியது. கூடம் எழுந்து நின்றது. கூட்டம் போட்ட கூச்சலே போதும், லிமிட்டரில் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. ஆல்வின் கையை உயர்த்திக் கீழே கீழே என்று காட்டினார். யார் பார்த்தார்கள்? எல்லா வாத்தியமும் ஒரே வெட்டாய் நின்றது. அதே நொடியில் பெட்டி கரண்டைத் துண்டித்தது.

கூடத்து விளக்குகள் வேறு கம்பியில் இருந்ததால் அணையவில்லை. அதனால் கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இது பாட்டின் மௌனம் என்று நினைத்தார்கள். கிளாஸ்களைத் தூக்கிப் பிடித்து, மூச்சைப் பிடித்து, அடிக்காகக் காத்தார்கள்.

மேடையில் எம்லின் மைக்கைத் தட்டிப் பார்த்தான். செத்துக் கிடந்தது. ஹெவினும் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டான். கச்சேரி நின்றுவிட்டது என்று குச்சிகளை மடியில் வைத்தான்.

கூடம் காத்துக்கொண்டே இருந்தது. முந்நூறு பேர் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள். அவர்களுக்கு அந்த அடியைக் கொடுக்க மேடையில் ஆளில்லை. நெஸ்டாவால் அதைத் தாங்க முடியவில்லை. மற்றதெல்லாம் தாங்கியிருப்பாள். தாடி, சட்டை மேஜை, பிராசரின் மழைக்கோட்டு, எல்லாம். இதை மட்டும் தாங்க முடியவில்லை. சமையலறை ஜன்னலில் காலியாய்க் கிடந்த பெரிய பாஸ்டித் தட்டை இழுத்தாள். மேஜைமீது கவிழ்த்து, சலவைக்கூடத்துக் கையால் ஓங்கி ஒன்று போட்டாள்.

"ரோப்பர்!"

முந்நூறு கிளாஸ் மேஜையில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆல்வின், இடைவேளையில் பிங்கோ விளையாட்டுக்கு எண் கூப்பிடுகிற தன் மைக்கை எடுத்தார். அதற்கும் தனிக் கம்பி. "தயவுசெஞ்சு உட்காருங்க. பெட்டி வேலையைக் காட்டிடுச்சு. பத்து நிமிஷத்துக்கு மேடையில கரண்டு வராது. அதனால பிங்கோவை முன்னாடியே..."

நெஸ்டா மேடைக்கு நடந்துகொண்டிருந்தாள். சட்டை விற்ற காசைப் போடுகிற ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. ஹெவின் அவள் வருவதைப் பார்த்ததும் எழுந்தான். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலைச் சரசரவென்று சுற்றி அவள் உயரத்துக்கு இறக்கி, குச்சிகளை நீட்டினான்.

"கரண்டு இல்லையே நெஸ்," என்றான் எம்லின்.

"டிரம்ஸுக்கு எதுக்குக் கரண்டு? நீ பாடு."

"மைக் இல்லாம என் குரல் யாருக்குக் கேட்கும்?"

"கேட்கலைன்னா அவங்க பாடுவாங்க. ஆரம்பி."

அவள் விட்ட இடத்திலிருந்து அடித்தாள். எம்லின் வாயைத் திறந்தான். முதல் வரி அவனோடு போனது. இரண்டாம் வரியைக் கூடம் எடுத்துக்கொண்டது. பென்ட்ரிஸ்காரர்களுக்குப் பாட மைக் எதற்கு? சாப்பல் தேவாலயத்திலும் ரக்பி மைதானத்திலும் நாலு குரலாய்ப் பிரிந்து பாடிப் பழகிய ஜனம். ஆண்கள் கீழே பிடித்தார்கள், பெண்கள் மேலே தூக்கினார்கள், கேய்னர் கரண்டியோடு சமையலறையிலிருந்தே சேர்ந்தாள். சுவரில் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. துண்டிக்க அதனிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை.

*

ஆனால் பிங்கோ பிங்கோதான். பாட்டு முடிந்து கை தட்டல் ஓய்ந்ததும் ஆல்வின் எண் உருண்டைகளைக் குலுக்க ஆரம்பித்துவிட்டார். பிங்கோ நடக்கும்போது அந்தக் கிளப்பில் இருமக்கூட யாருக்கும் உரிமை கிடையாது. அதனால் மேடைக்குப் பின்னால், பீர்ப் பீப்பாய்கள் அடுக்கிய அறையில், மொத்தச் சண்டையும் கிசுகிசுப்பாகவே நடந்தது.

"நல்லாத்தான் இருந்தது," என்று பிராசர் ரகசியமாகச் சொன்னார். "ஆனா கேரவன் பார்க்குக்கு வர்றவங்க போட்டோ எடுப்பாங்க. ரோப்பர் இடத்துல ஒரு பொம்பளைன்னா... தப்பா நினைக்காதீங்க."

"தப்பாத்தான் நினைக்கிறேன்," என்றாள் நெஸ்டா, அதே ரகசியத்தில்.

"நெஸ், கொஞ்சம் இரு."

"என்ன இருக்கச் சொல்ற? பிராசர், இவரு பாடினாரே, அசல் பாடகருக்கு இந்த வயிறா? இவரு பேண்ட் ஒரு ஊக்குல நிக்குது. அது உங்க கண்ணுல படல. என் தாடைதான் பட்டுதா?"

கூடத்திலிருந்து ஆல்வினின் குரல் வந்தது. "அறுபத்திரண்டு. உள்ள பேசுறவங்க வாயை மூடுங்க. எழுபத்தொண்ணு."

பிராசர் குரலை இன்னும் தாழ்த்தினார். "சரி. ஒட்டுத்தாடி வைக்கட்டும், இவங்களே வாசிக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல. இல்லேன்னா அந்தப் பையன். ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லுங்க."

எம்லின் தரையைப் பார்த்தான். விக்கின் முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். நெஸ்டாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்பதும் தெரிந்தது.

"எம்லின், நீ ஒத்துக்கிறதுன்னா ஒத்துக்கோ. நான் குறுக்க நிக்கல. உன் முட்டி வலி எனக்குத் தெரியாதா? ஆனா நான் தாடி வைக்க மாட்டேன். என் டிரம்ஸ் என்னோட வீட்டுக்குத்தான் வரும். இது ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டு ஒத்துக்கோ."

"நீ வரலைன்னா எனக்குப் பின்னாடி யாரு இருப்பா?"

"அது நீ மத்தியானமே யோசிச்சிருக்கணும்."

"முப்பத்து நாலு," என்றது கூடம்.

எம்லின் குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சிம்பல் பையைக் கிளறினான். உறையைக் கிழித்தான். செம்பட்டைத் தாடியை எடுத்துத் தன் முகவாயில் அழுத்தி ஒட்டிக்கொண்டான். கோணலாக ஒட்டியது.

"தாடி இருக்கான்னு கேட்டீங்க," என்றான் பிராசரிடம். "இருக்கு. ரோப்பர் இவதான்."

"விளையாடுறீங்களா?"

"ஆமா. பல வருஷமா அதைத்தான் பண்றோம், முடியெல்லாம் ஒட்டிக்கிட்டு. இன்னிக்குத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

பிராசர் மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டார். "இந்தப் பக்கம் இனிமே என் போன் வராது."

"மெதுவாப் போங்க. பிங்கோ முடியல, கதவு சத்தம் போட்டா ஆல்வின் திட்டுவாரு."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. நெஸ்டா எம்லினைப் பார்த்தாள். கோபம் முழுசாய்ப் போய்விடவில்லை. அது போக இன்னும் ஒரு வாரமாவது ஆகும், அவள் அப்படிப்பட்டவள். ஆனாலும் அந்தக் கோணல் தாடியை நேராக்கிவிட்டாள்.

"நாளைக்கும் பார்சல் தூக்கணுமே எம்லின்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

கூடத்தில் யாரோ ஒருத்தி பிங்கோ விழுந்ததும் கத்தினாள். இனி எல்லோரும் பேசலாம்.

ஹெவின் சட்டை மேஜையில் உட்கார்ந்து ஏற்கெனவே விற்க ஆரம்பித்திருந்தான். ஆல்வின் சமையலறையிலிருந்து நீளமான கரண்டுக் கம்பி ஒன்றைத் தரையில் உருட்டிக்கொண்டே மேடைப்பக்கம் வந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என்ன இது ஆல்வின்?" என்றாள் நெஸ்டா.

"பெட்டி மேடை பிளக்குக்குத்தான் மாட்டியிருக்கு. சமையலறை பிளக்குக்கு யாரும் ஒண்ணும் மாட்டலையேம்மா."

"அப்ப பாஸ்டியை எதுல சூடு பண்றது?"

"ஆறினதைத் தின்னட்டும்," என்று கேய்னர் உள்ளேயிருந்து சொன்னாள். "எவனும் சாக மாட்டான்."

ஆறிய பாஸ்டியைத் தின்றுகொண்டே கூடம் நார்த் கேட்டை மறுபடி கேட்டது. முதலில் பாடியது கணக்கில் சேராதாம், கரண்டு இல்லாமல் பாடியதாம். எம்லின் தாடியோடு பாடினான். நடுவில் எல்லா வாத்தியமும் ஒரே வெட்டாய் நின்றது. சுவரில் விளக்கு சிவப்பாய் எரிந்தது, எரிந்துகொண்டே கிடந்தது. கூடம் மூச்சைப் பிடித்தது. எம்லின் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி அவளையே பார்த்தான். ஒரு பக்கத் தாடி வியர்வையில் கழன்று தொங்கியது. ஆல்வின் ஒரு கிளாஸைத் தூக்கிப் பிடித்திருந்தார், அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. முன்வரிசையில் பிராசரின் நாற்காலி காலியாக இருந்தது.

நெஸ்டா குச்சியை உயர்த்தினாள். அடிக்கவில்லை. எல்லோரையும் காக்க வைத்தாள். ஒருத்தி தாங்க முடியாமல், "அடிடி," என்று முனகினாள். அப்போதும் அடிக்கவில்லை.

தனக்கு எப்போது தோன்றியதோ அப்போது அடித்தாள்.